சிறுநீர் கறுத்தால் ஆதார் தேடி உட்காராதீர்கள்

கேள்வி: தாராவியில் இருக்கிறேன். என் மனைவியின் தம்பி, வயது 24, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து மே மாதம் வேலைக்கு வந்தான். ஆதார், ரேஷன் கார்டு எதுவும் கையில் இல்லை. ஒரு கட்டட சைட்டில் சிமெண்ட் மூட்டை இறக்கும் வேலை. மூன்றாம் நாள் தொடையும் தோளும் இறுகி எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் காலையில் சிறுநீர் கோலா நிறத்தில் போனது. பக்கத்து டாக்டர் வலி ஊசி போட்டு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார். ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற கல்லீரல் என்சைம் ஏகத்துக்கும் இருந்ததால் காமாலை என்றார்கள். கீழாநெல்லி கொடுத்தோம். காகிதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்ததில் இரண்டு நாள் போய்விட்டது. கடைசியில் ஊரில் இருக்கும் என் தம்பியின் ஆதார் நகலைக் காட்டி, அவன் பெயரிலேயே சேர்த்தோம். ரத்தத்தில் சி.பி.கே. 46,000, சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியேட்டினின் 4.1. டயாலிசிஸ் இல்லாமல் தப்பித்தான். வீட்டுக்கு வரும்போது கிரியேட்டினின் 1.9. இப்போது முக்காடம் (கூலி ஆள் பிடிக்கும் மேஸ்திரி) திரும்பக் கூப்பிடுகிறார். அனுப்பலாமா? எங்கள் ரூமில் இன்னும் இரண்டு பேருக்குக் காகிதம் எதுவும் இல்லை. அதில் ஒருவர் இந்த நாட்டுக்காரரே இல்லை. அவர்களுக்கு இப்படி வந்தால் என்ன செய்வது?

பதில்:

மைத்துனரை இப்போது வேலைக்கு அனுப்பாதீர்கள். 24 வயதுப் பையனுக்கு கிரியேட்டினின் 1.9 என்றால் சிறுநீரகம் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை என்று பொருள். இந்த நிலையில் இன்னொரு முறை வெயிலில் மூட்டை தூக்கினால் அடுத்த தடவை டயாலிசிஸ் வரை போகலாம். எப்போது அனுப்பலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரூமில் இருக்கும் மற்றவர்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

அவருக்கு வந்தது தசைச் சிதைவு. டாக்டர்கள் ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். பழக்கமில்லாத உடம்பு, கடும் வெயிலில், போதுமான தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்காகப் பளு தூக்கும்போது தசைச் செல்களுக்குள் இருக்கும் சக்தி தீர்ந்துபோகிறது. உள்ளே சுண்ணாம்புச் சத்து ஏறி, செல் உடைகிறது. உடைந்த செல்லிலிருந்து மூன்று பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. ஒன்று மயோகுளோபின், தசைக்குச் சிவப்பு நிறம் தரும் புரதம். சிறுநீரைக் கறுக்க வைத்தது அதுதான். உடம்பில் நீர் வற்றியிருந்தால் அது சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களில் கட்டிக்கொண்டு அடைக்கும், குழாயின் உள்சுவரையும் கெடுக்கும். இரண்டாவது பொட்டாசியம். அது ரத்தத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இந்த நோயில் சட்டென்று உயிர் போவது பெரும்பாலும் இதனால்தான். மூன்றாவது சி.பி.கே. இதனால் நேரடிக் கெடுதல் இல்லை, எவ்வளவு தசை உடைந்தது என்பதைக் காட்டும் அளவுகோல், அவ்வளவுதான். சாதாரணமாக 200-ஐ ஒட்டி இருக்கும். 1,000-ஐத் தாண்டினால் தசைச் சிதைவு என்கிறோம். 5,000-க்கு மேல் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது. உங்கள் மைத்துனருக்கு 46,000.

காமாலை என்று சொன்னதில் ஒரு பொதுவான தவறு இருக்கிறது, அது பல உயிர்களை வாங்குகிறது. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை, தசையிலும் நிறைய இருக்கிறது. தசை உடைந்தால் அதுவும் ஏறும். எஸ்.ஜி.பி.டி.யும் ஓரளவு ஏறும். கல்லீரல் டெஸ்ட் எடுத்த டாக்டர், காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபினையும் பார்த்திருக்க வேண்டும். அது சரியாக இருந்து, கண் வெள்ளையும் மஞ்சளாகாமல், முந்தைய நாள் கடும் உழைப்பும் இருந்தால் உடனே சி.பி.கே. கேட்க வேண்டும். சாதாரண யூரின் டெஸ்டிலேயே ஒரு துப்பு கிடைக்கும். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டையில் ரத்தம் இருக்கிறது என்று காட்டும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு அநேகமாக இருக்காது. அந்தப் பட்டைக்கு மயோகுளோபினுக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த இரண்டு வரியும் ஒரே ரிப்போர்ட்டில் இருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக கேஷுவாலிட்டிக்கு, அதாவது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நம் ஊர் வழக்கில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு, சூடு பிடித்துவிட்டது என்பார்கள். தொப்புளில் எண்ணெய், வெந்தயம், மோர் என்று ஒரு நாள் போகும். நீர்ச்சூட்டில் சிறுநீர் அடர்மஞ்சளாகி எரியும், நாலு டம்ளர் தண்ணீர் குடித்தால் வெளுக்கும். தசைச் சிதைவில் அது செம்பழுப்பாக, பால் விடாத டீ மாதிரி வரும். கூடவே தொடை, தோள், இடுப்பு ஆகியவை இறுகி, தொட்டாலே வலிக்கும். ஆனால் வலி இல்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. வலி, தளர்ச்சி, கறுத்த சிறுநீர் மூன்றும் சேர்ந்து வருவது கொஞ்சம் பேருக்குத்தான். மயோகுளோபின் சில மணி நேரத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். காலையில் கறுப்பாகப் போனது மாலையில் தெளிந்துவிட்டால் ஆபத்து நீங்கியதாக நினைக்காதீர்கள். சி.பி.கே. ஒன்று முதல் மூன்று நாள் வரை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த வலி ஊசியைப் பற்றி. இப்படிப் போடப்படும் ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். மாத்திரையாக என்றால் அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகம் தனக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு ரசாயனத்தைச் சார்ந்திருக்கிறது. இந்த மருந்துகள் அதைத்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே குழாய் அடைபட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும் ரத்தத்தையும் குறைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் 500 மி.கி. ஒன்றோ இரண்டோ போதும். வலி ஊசி வேண்டாம் என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

குளுக்கோஸ் பாட்டிலும் இங்கே பொய்யான தைரியம்தான் தரும். 500 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் வைட்டமின் கலந்து ஏற்றினால் சிறுநீரும் நல்ல மஞ்சளாக வரும். நிறம் மாறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தசைச் சிதைவுக்குத் தேவை சாதாரண சலைன் எனும் உப்புநீர், அதுவும் மிக அதிக அளவில். தொடக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டர்கூட ஏற்றுவார்கள். பிறகு மணிக்கு 200 முதல் 300 மி.லி. சிறுநீர் வரும்படி வேகத்தைச் சரிசெய்வார்கள். இதற்கு டியூப் போட்டு அளக்க வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை பொட்டாசியம் பார்க்க வேண்டும், இ.சி.ஜி. வேண்டும். ஒற்றை அறை கிளினிக்கில் இதைச் செய்ய முடியாது. தசை உடைந்த முதல் ஆறு மணி நேரத்துக்குள் சலைன் ஓட ஆரம்பித்தால் பெரும்பாலான சிறுநீரகங்களைக் காப்பாற்றிவிடலாம். நீங்கள் இழந்தது இரண்டு நாள். அந்த இரண்டு நாளையும் பயம்தான் எடுத்துக்கொண்டது.

இந்தப் பயம் மும்பையில் மட்டும் இல்லை. மெக்சிகோவிலிருந்து அரிசோனாவின் சொனோரா பாலைவனம் வழியாகக் காகிதமில்லாமல் அமெரிக்காவுக்குள் நடப்பவர்களுக்கு இதே நோய் வருவதை அங்குள்ள டாக்டர்கள் பல வருடங்களாகப் பார்க்கிறார்கள். நாள்கணக்கில் நடை, சுமந்து போன தண்ணீர் பாதி வழியில் தீர்வது, பிடிபடும் பயத்தில் உதவி கேட்காமல் இருப்பது. சிறுநீரகம் பழுதான நிலையில்தான் பலர் வந்து சேர்கிறார்கள். அங்கே 1986-ம் ஆண்டுச் சட்டப்படி அவசர சிகிச்சையைக் காகிதம் கேட்டு மறுக்க முடியாது. ஆனால் அவசரம் தீர்ந்த பிறகு, தொடர்ந்து டயாலிசிஸ் தேவைப்படுபவர்களுக்குப் பல மாநிலங்களில் கதவு பாதிதான் திறக்கிறது. நம் கதையும் கிட்டத்தட்ட அதுவேதான். கேஷுவாலிட்டியில் எடுத்துக்கொள்வார்கள், பின்தொடர்ந்து பார்ப்பதில்தான் ஆள் காணாமல் போகிறார்.

இந்தியாவில் நிலைமை என்னவென்று தெளிவாகச் சொல்கிறேன். உயிர் காக்கும் சிகிச்சை தருவது ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொன்னது. அரசு மருத்துவமனை நேரத்துக்கு அவசர சிகிச்சை தராமல் போவது உயிர் வாழும் உரிமை தரும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவை மீறுவது என்று 1996-ல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரைப் படுக்கை இல்லை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. ஆதார் இல்லை என்பது கேஷுவாலிட்டியில் மறுக்கக் காரணமே ஆகாது. நினைவில்லாமல், பெயர்கூடத் தெரியாமல் கொண்டுவரப்படுபவர்களை மும்பையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘அன்னோன்’ என்று எழுதிச் சேர்க்கிறார்கள். பெயர் சொல்லக்கூடிய ஒருவரைச் சேர்க்காமல் விடுவதற்கு வழியில்லை.

தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. பரேலில் கே.இ.எம்., மும்பை சென்ட்ரலில் நாயர், பைகுல்லாவில் ஜே.ஜே. எல்லாம் டயாலிசிஸ் வசதி உள்ள இடங்கள். பக்கம்தானே என்று நோயாளியை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். உடைந்த தசைக்கு ஒவ்வொரு அடியும் கெடுதல். டாக்ஸியோ 108-ஓ கூப்பிடுங்கள். கேஷுவாலிட்டி டாக்டரிடம் உடம்பு வலி என்று மட்டும் சொன்னால் வரிசையில் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். ‘கல் சே பேஷாப் காலா ஆ ரஹா ஹை, தூப் மே பாரி காம் கியா’ என்று சொல்லுங்கள். நேற்றிலிருந்து சிறுநீர் கறுப்பாக வருகிறது, வெயிலில் பளு வேலை செய்தான் என்ற அந்த இரண்டு துண்டும் சேர்ந்தால் புரிந்துகொள்வார்கள். முடிந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தச் சிறுநீரைப் பிடித்துக் கொண்டுபோங்கள். எந்த மொழியும் வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

போகும் வழியில் மயக்கமில்லாமல், வாந்தி இல்லாமல் இருந்தால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். இளநீர் வேண்டாம். சாதாரண நாளில் அருமையான பானம்தான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். ஏற்கெனவே பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கும் உடம்புக்கு அது ஆபத்து. வாழைப்பழமும் அப்படியே. ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றால் லிட்டர் கணக்கில் தண்ணீரைத் திணிக்காதீர்கள், நுரையீரலில் போய்த் தேங்கும். ஆள் உளற ஆரம்பித்தால், தோல் கொதித்தால், அது வெப்பத் தாக்கு. அப்போது வண்டி வரும் வரை காத்திருக்காமல் சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

இனி அந்த ஆதார் விஷயம். உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் இன்னொரு முறை இதைச் செய்யாதீர்கள். டிஸ்சார்ஜ் காகிதம் உங்கள் தம்பியின் பெயரில் இருக்கிறது. ஊரில் நல்லபடி இருக்கும் அவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று ரெக்கார்டு ஆகிவிட்டது. மைத்துனருக்கோ எந்த ரெக்கார்டும் இல்லை. வேலையால் வந்த பாதிப்பு என்று நாளை நஷ்டஈடு கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தால் உடலை எந்தப் பெயரில் வாங்கியிருப்பீர்கள்? அடுத்த பரிசோதனைக்கு மைத்துனரின் சொந்தப் பெயரில் புது கேஸ் பேப்பர் போடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைக் காட்டி, நடந்ததை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ரெக்கார்டைத் திருத்தும் வேலைக்கு முன் ஒரு வக்கீலிடம் பேசுவது நல்லது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

பணத்துக்கும் வழி இருக்கிறது. மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் என்று ஒருவர் இருப்பார். மருந்துக்கோ டயாலிசிஸ் பொருளுக்கோ பணம் இல்லை என்றால் ‘புவர் பாக்ஸ்’ எனப்படும் ஏழைகள் நிதியிலிருந்தோ டிரஸ்டுகளிடமிருந்தோ ஏற்பாடு செய்வது அவர் வேலை. கேட்டால்தான் கிடைக்கும். வார்டு நர்ஸிடம் கேட்டு முதல் நாளே பார்த்துவிடுங்கள். மகாராஷ்டிராவில் டிரஸ்ட் பெயரில் நடக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளும் அவசர நோயாளியிடம் டெபாசிட் கேட்காமல் சேர்த்து, நிலைப்படுத்திய பிறகே அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும்.

இந்த நாட்டுக்காரர் அல்லாத உங்கள் ரூம்மேட் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். 21-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல. சக்மா அகதிகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சிகிச்சை அவருக்கும் உரிமை. அதே நேரம், வெளிநாட்டவர் உள்நோயாளியாகத் தங்கினால் ஆஸ்பத்திரியே அரசு அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும் என்பதும் சட்டம். நேபாளத்துக்காரர் என்றால் விசா பிரச்சினையே இல்லை, 1950 ஒப்பந்தம் இருக்கிறது. மற்ற நாட்டவர் என்றால் இப்போதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு வக்கீலைப் பார்த்து வைக்கட்டும். சிறுநீர் கறுத்த அன்று அதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பொட்டாசியம் ஏறிய இதயம் வாய்தா தராது. சொந்தப் பெயரில் போகட்டும், கூட ஒருவர் போகட்டும்.

சைட்டில் என்ன மாற வேண்டும் என்பதையும் முக்காடத்திடம் பேசுங்கள். உங்கள் மைத்துனர் விழுந்தது மூன்றாம் நாள். இது தற்செயல் இல்லை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். புது ஆளுக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுவதுதான் முறை. மூட்டைக் கணக்கில் கூலி என்றால் இதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல் ஐந்து நாளுக்காவது நாள் கூலி என்று பேசுங்கள். ஒரு ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் முக்காடத்துக்கும்தான் நஷ்டம். தண்ணீர் தாகம் எடுக்கும்போது அல்ல, 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். காலையில் உப்புப் போட்ட நீராகாரம், மதியம் உப்பு மோர் போதுமானவை. மும்பையில் 34 டிகிரிதானே என்று ஏமாறக் கூடாது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை காயாது, காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. மே, ஜூன் போலவே அக்டோபரும் மோசம். முந்தைய இரவு குடித்தவர், காய்ச்சலில் இருப்பவர், கொழுப்புக்கு ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோரை அன்று பளு வேலைக்கு விடாதீர்கள். குடித்துவிட்டு ஒரே பக்கமாக அசையாமல் இரவு முழுக்கக் கிடந்தாலும், இடிபாட்டில் சிக்கினாலும், லத்தியால் தொடையிலும் பிட்டத்திலும் அடிபட்டாலும் இதே தசைச் சிதைவு வரும். அதற்கும் இதே அவசரம்தான்.

மழை தொடங்கிவிட்டால் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் நடந்து, சில நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதிலும் தசை உடையும், சிறுநீரகம் கெடும், காமாலையும் வரும். வெள்ளத்தில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி டிஸ்பென்சரிக்குப் போய் டாக்ஸிசைக்ளின் கேளுங்கள்.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் கிரியேட்டினின், பொட்டாசியம், கால்சியம், சி.பி.கே., யூரின் ரொட்டீன் எடுங்கள். குணமாகும் காலத்தில் தசையில் தங்கிய கால்சியம் திரும்பி வந்து ரத்தத்தில் ஏறலாம், அதனால் கால்சியம் மாத்திரை டானிக் எதுவும் வேண்டாம். கிரியேட்டினின் சரியாகும் வரை வாரம் ஒரு முறை பாருங்கள். கிரியேட்டினின் பழைய நிலைக்கு வந்து, சி.பி.கே. 1,000-க்குக் கீழ் இறங்கி, யூரின் சுத்தமாக இருந்து, மாடி ஏறினால் வலி இல்லை என்ற பிறகு நிழலில் லேசான வேலை, இரண்டு வாரம். அதற்குப் பின் சி.பி.கே. மீண்டும் ஏறவில்லை என்றால் பளுவை மெல்லக் கூட்டலாம். குறைந்த உழைப்பிலேயே மறுபடி சிறுநீர் கறுத்தால் தசையில் பிறவிக் குறை இருக்கிறதா, சிக்கிள் செல் எனும் பிறவி ரத்தக் கோளாறு இருக்கிறதா, சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற என்சைம் குறைவா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரை, நாட்டு பஸ்பம், ஜிம் பவுடர் எதுவும் இப்போதைக்குக் கூடாது. எல்லாம் சரியானாலும் மூன்று மாதம் கழித்து, அதாவது ஆகஸ்டில், கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் ஒரு முறை பாருங்கள். அவர் சொந்தப் பெயரில்.